மருந்துக் குளியல்

அந்தக் குழாயில் கழுவாதீர்கள் அக்கா. அடியில் பாருங்கள், யாரோ வெற்றிலையைத் துப்பி வைத்திருக்கிறார்கள். அதிலேயே சோறும் ஊறிக் கிடக்கிறது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. கடைசிக் குழாய்தான் கொஞ்சம் தேவலாம். அதையும் நான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கையை வைத்தேன்.

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரியும். ஒருத்தி எத்தனை தடவைதான் எழுந்து எழுந்து போய்க் கை கழுவுவாள் என்று நினைத்திருப்பீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள். பாப்பா இப்போதைக்கு எழமாட்டாள், எட்டு மாசம்தான் ஆகிறது, பால் குடித்தால் கட்டை மாதிரித் தூங்குவாள். எனக்குத்தான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இந்த இடத்தில் எதை வாங்கி வாயில் வைப்பது சொல்லுங்கள்.

நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை அக்கா. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, வந்த நாளிலும் வராதவளாகவே இருந்தேன். வாத்தியார் என் அம்மாவிடம் போய், 'உங்க புள்ள பள்ளிக்கூடமே வர்றதில்ல' என்றாராம். நான் அவர் எதிரிலேயே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்டவள் நேற்று ஒரு காரியம் பண்ணிவிட்டேன். அதை யாரிடமாவது சொன்னால்தான் நெஞ்சு இறங்கும் போலிருக்கிறது.

உள்ளே இருப்பது என் அத்தை. வீட்டுக்காரரைப் பெற்றவர். பழனாத்தாள் என்று பெயர். வலது முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போய், அதை எடுத்துவிட்டு இரும்பு முட்டி வைக்கிறார்கள்.

நாங்கள் கட்டிக்கொண்டது வேறு மாதிரி அக்கா. நானும் அவரும் பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷின். அப்படியே ஆகிவிட்டது. அவர்கள் குடியிருக்கிற வளவு வேறு, எங்கள் வளவு வேறு. நாங்கள் ஒன்றும் அவ்வளவு கீழே இல்லை, எங்களுக்கும் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அத்தைக்கு எல்லாம் ஒன்றுதான். நான் போன அன்றைக்கே வீட்டில் இரண்டு அடுப்பு ஆகிவிட்டது. என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தது கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. 'ஏ புள்ளே', அவ்வளவுதான்.

பேத்தி பிறந்ததும் மாறிவிடுவார் என்று வீட்டுக்காரர் சொன்னார். பாப்பாமேல் உயிர்தான் அத்தைக்கு, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் என் கையிலிருந்து நேராக வாங்கமாட்டார். 'தொட்டில்ல போட்டுட்டு நகுந்துக்க, நான் எடுத்துக்கறேன்' என்பார். நான் தொட்டிலில் போட்டுவிட்டு நகர வேண்டும். அதற்கப்புறம்தான் வந்து, 'எங் கண்ணு, எந் தங்கம்' என்று அள்ளிக்கொள்வார். என் வயிற்றிலிருந்து வந்ததுதானே அக்கா அது? தொட்டிலில் ஒரு நிமிஷம் கிடந்தால் நான் அதிலிருந்து போய்விடுவேனா?

யாரையும் நேராக இன்ன ஆள் என்று கேட்கமாட்டார், அதில் மட்டும் ரொம்ப மரியாதை. 'எந்த ஊருங்க' என்பார். ஊரைச் சொன்னால், 'ஊருக்குள்ளயா, ஊருக்கு அந்தாண்டயா' என்பார். அதிலேயே எல்லாம் தெரிந்துகொள்வார். நீங்கள் எந்த ஊர் அக்கா? டவுனேதானா. சரி சரி, சும்மாதான் கேட்டேன்.

ஆபரேஷன் என்று முடிவானதும் இங்கே வரச்சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தார்கள். சிவப்பாக, கொழகொழவென்று ஒரு மருந்து. ஜெசிந்தா சிஸ்டர் என்று ஒருத்தர் இருக்கிறார், கண்ணாடி போட்டவர், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் எங்களை நிற்க வைத்துச் சொன்னார். தோலில் கிருமி இருக்கிறதாம். அத்தைக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். எவ்வளவு குளித்தாலும் இருக்குமாம். வெளியே கிடக்கிறவரை அது பாட்டுக்குக் கிடக்கும், கத்தி போட்ட வழியில் உள்ளே போனால்தான் வினை. இரும்பில் ஒட்டிக்கொண்டு சீழ் வைத்துவிட்டால் திரும்பப் பிரித்து இரும்பையே கழற்ற வேண்டியதுதானாம். அதனால் ஆபரேஷன் வரைக்கும் தினம் சாயங்காலம் கழுத்துக்குக் கீழே இந்த மருந்தைப் போட்டுத் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். முகத்திலும் அந்த இடத்திலும் படக்கூடாது. அதற்கு மேல் சோப்பு, எண்ணெய், பவுடர், மஞ்சள், விபூதி எதுவும் கூடாது. துவைத்த துணிதான் கட்ட வேண்டும்.

'எல்லாருக்கும் இருக்குதுங்களா கிருமி?' என்று அத்தை கேட்டார்.

'எல்லாருக்கும்தான். எனக்கும் இருக்குது.'

'நான் ரெண்டு வேளை குளிக்கறவளுங்க' என்றார் அத்தை. சிஸ்டர் என்னமோ பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டதுபோல.

யார் குளிப்பாட்டுவது? அத்தையால் குனிய முடியாது, காலைத் தூக்க முடியாது. மகன் செய்கிற வேலை இல்லை. நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், மணிமேகலை, இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சரியாக அன்றைக்குப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. மீதி யார்?

அக்கா, நான் சொல்கிறேன் என்று அருவருப்புப் படாதீர்கள். இரண்டு வேளை குளிக்கிறேன், குளிக்கிறேன் என்று ஊரெல்லாம் பேர். எப்படிக் குளித்தார்? ஸ்டூலில் உட்கார்ந்து தலைக்கு மேல் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவது. கை எட்டாத இடமெல்லாம் எத்தனை வருஷமோ. மருந்தைக் கையில் ஊற்றி முதுகில் வைத்தேன், அழுக்கு திரி திரியாக உருண்டு வருகிறது. மார்புக்கு அடியில் மடிப்பில் புளித்த மாவு வாடை. தொப்புளைக் கழுவச் சொல்லியிருந்தார் சிஸ்டர், அதற்குள் கறுப்பாக ஒன்று இருந்தது, மிளகு என்று நினைத்தேன். மிளகு இல்லை. கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்து போய், தொட்டால் தோல் கையோடு வருகிறது. முட்டியில் ஊரில் உள்ள அத்தனை வலி எண்ணெயும் தேய்த்துத் தேய்த்துப் பிசுக்காக ஏறிக் கிடந்தது, அடுப்படிச் சுவர் மாதிரி. பால் கொடுக்கிற உடம்பு, அந்தக் கையோடு பாப்பாவைத் தூக்க வேண்டுமே என்று சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினேன்.

அத்தைக்கும் அருவருப்புதான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, 'முருகா, முருகா' என்று முனகிக்கொண்டே இருந்தார். நடுவில், 'மெதுவாத் தேயி. நான் என்ன அண்டாவா?' என்றார்.

அண்டாவாக இருந்தால் புளி போட்டுத் தேய்த்திருப்பேன். சொல்லவில்லை. நான் எங்கே சொன்னேன்.

முடித்துவிட்டு, துவைத்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். என்னவென்று போய்ப் பார்த்தால், கதவு சரியாகச் சாத்தவில்லை, மணிமேகலை நிற்கிறாள். இடுப்புப் பிடித்தவள். கையில் ஒரு சொம்பு. கோமியத்தில் மஞ்சளைக் கரைத்து அத்தைமேல் ஊற்றுகிறாள். அத்தை அதை எடுத்து எடுத்துத் தேய்க்கிறார். முதுகில், மார்பில், முட்டியில். நான் கை வைத்த இடமெல்லாம்.

'நல்லாத் தேச்சுக்கோம்மா. அவ கை எங்கெல்லாம் பட்டுது?' என்கிறாள்.

'எங்க படல' என்கிறார் அத்தை.

நான் தொட்டது அழுக்கு. மாடு பெய்தது சுத்தம். இதற்கு மேல் என்ன இருக்கிறது அக்கா.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். அடுத்த நாளும் மருந்து போட்டுக் குளிப்பாட்டினேன். அடுத்த நாளும் அவர்கள் அதைக் கழுவிவிட்டு மாட்டு மூத்திரத்தை ஊற்றினார்கள். ஆபரேஷன் தேதி வரைக்கும் இதே கூத்து. நான் வாயைத் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. எனக்கு மனசில் ஒன்றும் கிடையாது அக்கா, நான் அப்படிக் கறுவம் வைக்கிறவள் இல்லை. அத்தை நன்றாக எழுந்து நடக்க வேண்டும் என்றுதான் சாமி கும்பிட்டேன். நடந்தால்தானே அவர் துணியை அவரே துவைத்துக்கொள்வார்.

கூட்டிக்கொண்டு வந்தோம். டாக்டர் சேலையை விலக்கி முட்டியைப் பார்த்தார். தோல் மஞ்சள் பூத்துப் போய், முட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னதாகச் சீழ்க் கொப்புளம், வேர்க்குரு மாதிரி. பார்க்கவே கூசியது. 'இதுல எப்படிக் கத்தி வைக்கறது? ஆறுன பொறவு வாங்க' என்று எழுந்து போய்விட்டார். ஜெசிந்தா சிஸ்டர் வார்டு நடுவில் நின்றுகொண்டு கேட்டார்: 'யாரு இவங்களக் குளிப்பாட்டுனது?'

அத்தை கையை நீட்டி என்னைக் காட்டினார். 'இந்தப் புள்ளதானுங்க.'

வார்டே திரும்பிப் பார்த்தது. 'ஏம்மா, ஒரு ஆளக் கழுவத் தெரியாதா உனக்கு? மருந்த என்ன பண்ணுன?' என்றார் சிஸ்டர். நான் பாப்பா சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரம்மா, 'சின்னப் புள்ள, சங்கடப்பட்டிருக்கும்' என்று எனக்காகப் பேசுகிறாள். அவள் பேசுவது இன்னும் கேவலமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னார், 'எங்கம்மா காலு உனக்கு அவ்வளவு அசிங்கமாப் போச்சா?'

அம்மா கால் அசிங்கமா என்கிறார். ஆமாம், அசிங்கம்தான். அதைத்தான் நான் தேய்த்தேன். அதை அவரிடம் சொல்ல முடியுமா?

இருங்கள், பாப்பா முகத்தில் ஈ உட்காருகிறது. இந்த ஈ எங்கே எங்கே உட்கார்ந்துவிட்டு வந்ததோ. சீ.

உங்களுக்கு உள்ளே யார் அக்கா? வீட்டுக்காரரா. காலிலா. சாக்கடை அள்ளும்போது கண்ணாடி கிழித்துவிட்டதா, ஐயோ. அது புரையோடி... ஐயையோ. நகராட்சியில் இருக்கிறாரா. ஓ. அப்படியென்றால் நீங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற காலனிதானே. தெரியும், பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்.

இல்லை இல்லை, நகரவெல்லாம் இல்லை அக்கா. பாப்பா காலை நீட்டுகிறாள், அதற்குத்தான் தள்ளி உட்கார்ந்தேன்.

எங்கே விட்டேன்? புண்ணெல்லாம் ஆறியதும் திரும்ப வரச்சொன்னார்கள். இந்தத் தடவை முன்கூட்டியே வார்டில் சேர்த்துவிட்டார்கள், மருந்துக் குளியல் இங்கேயேதான். வார்டு பாத்ரூமைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் போயிருப்பீர்கள். ஒரு மூலையில் பஞ்சு, ஒரு மூலையில் மயிர்ச்சுருள், வாளிக்குள் பல் விளக்கிய எச்சில். நான் முதலில் அதைக் கழுவி, அப்புறம் அத்தையைக் கழுவினேன். நேற்றுச் சாயங்காலம் அது. முடித்துக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, மாற்றுச் சேலை எடுக்கப் பையைத் திறந்தேன். அடியில் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில், துண்டில் சுற்றி இருக்கிறது. மஞ்சளாக. மத்தியானம் மணிமேகலை வந்து போனது அதற்குத்தான்.

கையில் எடுத்துப் பார்த்தேன். பை ஜன்னலோர வெயிலில் கிடந்ததில் வெதுவெதுவென்று இருந்தது. அந்தச் சூடு கையில் பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அத்தை என்னைப் பார்த்துவிட்டார். 'வெச்சுரு' என்றார். ரொம்ப மெதுவாக. 'ஏ புள்ளே, அத வெச்சுரு.'

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை அக்கா. நேராக நடந்து போய் சிஸ்டர் மேஜைமேல் வைத்துவிட்டேன்.

'என்னம்மா இது, ஜூஸா?'

'அத்தையோடதுங்க' என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கண்ணாடியெல்லாம் எகிறிவிட்டது. மூடி போட்டுக்கொண்டு, அந்தப் பாட்டிலோடு வார்டுக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன்.

'பாட்டி, இது என்ன?'

'கோமியமுங்க. சுத்தத்துக்கு.'

'எதுலருந்து சுத்தம்? இப்பத்தான மருந்து போட்டுக் குளிச்சீங்க?'

இந்தத் தடவை பக்கத்துக் கட்டிலில் வேறொரு அம்மா, அவளுக்கு எங்கே பேச்சு கிடைக்கும் என்று இருக்கும், 'மருமவ தொட்ட தீட்டுக்குங்க சிஸ்டர். எங்க ஊர்லயும் உண்டு' என்றாள்.

'ஓ. அப்ப போன தடவையும் நான் குடுத்த மருந்தக் கழுவிட்டு இதத்தான் ஊத்துனீங்களாக்கும்? பாட்டி, உங்க முட்டியில இரும்பு வெக்கறதா, இல்ல மாடு கட்டறதுக்கு மொளை அடிக்கறதா?'

வார்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கிழவிகூடச் சிரித்தாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, 'அப்ப நீங்களே குளிப்பாட்டி உட்ருங்க சிஸ்டர். உங்க கை படலாமுங்க' என்றார்.

'நான் எந்த ஊரு, எந்தப் பக்கமுன்னு விசாரிச்சீங்களா?'

'கேட்டனுங்க. நீங்க சொல்லலீங்க.'

'சொன்னா இன்னும் ரெண்டு பாட்டில் கொண்டாரச் சொல்லுவீங்க' என்றார் சிஸ்டர். 'காலைல மருமகதான் குளிப்பாட்டும். அதுக்கு மேல ஒரு சொட்டு எதுவும் படக்கூடாது. பட்டுதுன்னா முட்டியும் நீங்களுமா வீட்டுக்குப் போயிருங்க.' பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கக்கூஸில் ஊற்றினார். ஊற்றுகிற சத்தம் அத்தைக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

என்னிடம் வந்து, 'அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?' என்றார் சிஸ்டர். அன்றைக்கு எப்படிச் சொல்வது? இவர்களுக்குப் புரியாது.

இன்றைக்குக் காலையில் குளிப்பாட்டினேன். மெதுவாகத் தேய்க்கவில்லை. ஒரு மடிப்பு விடவில்லை, ஒரு இடுக்கு விடவில்லை. அத்தை 'அண்டாவா' என்று கேட்கவில்லை. முருகனையும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி கொடுத்த பச்சைத் துணியைப் போட்டுவிட்டு, எதிரில் ஸ்டூலைப் போட்டுப் பாப்பாவோடு உட்கார்ந்துகொண்டேன். பால் பொங்கப் போகிற பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணிமேகலை வந்தாள், விபூதிப் பொட்டலத்தோடு. 'சிஸ்டர் வந்துருவாங்க' என்றேன். அப்படியே மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டாள்.

ஆக, அத்தை என் கை பட்டதோடுதான் உள்ளே போயிருக்கிறார் அக்கா. கழுத்துக்கு மேலே தவிர மற்ற எல்லா இடத்திலும். அதைக் கழுவ முடியாது. அதோடுதான் கத்தி போடுவார்கள், அதோடுதான் தைப்பார்கள். நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. தப்பா?

இதோ இந்தக் கதவு வரைக்கும் டிராலியோடு வந்தேன். வீட்டுக்காரர் ரத்தம் கொடுக்கிற இடத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தார். கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வந்தது. அத்தை திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் கையை நீட்டவில்லை, சத்தியமாக. அவராகத்தான் துழாவிப் பிடித்தார். 'வலிக்குமா புள்ளே?' என்றார். வேர்த்துப் போய், பிசுபிசுவென்று, மீனைப் பிடித்த மாதிரி இருந்தது அந்தக் கை. நான் உதறவில்லை. உதறியிருக்கலாம். டிராலிக்காரர்தான், 'உடுங்கம்மா, நேரமாச்சு' என்றார்.

அதிலிருந்துதான் கழுவிக்கொண்டே இருக்கிறேன். அழுக்கு என்று இல்லை. நானே குளிப்பாட்டியதுதானே, பிறந்த நாளுக்குப் பிறகு அத்தை அவ்வளவு சுத்தமாக இருந்திருக்கமாட்டார். அந்த மருந்து வாடையாக இருக்கும். போகவே மாட்டேன் என்கிறது. அந்தப் பிடி இன்னும் இங்கேயே இருக்கிற மாதிரி இருக்கிறது, பாருங்கள், இந்த இடத்தில். கொஞ்சம் குமட்டுகிறது. பசியாகவும் இருக்கலாம்.

டீயா? வேண்டாம் அக்கா. நீங்கள் குடியுங்கள். நான் இப்போதுதான் குடித்தேன். இல்லை, பிளாஸ்க்கில் கொண்டு வந்திருப்பீர்கள், சுத்தமாகத்தான் இருக்கும், தெரியும். எனக்கு டீயே பிடிக்காது.

ஆனால் ஒன்று. ஒரு மனுஷர் இன்னொரு மனுஷரை இப்படி நினைக்கலாமா சொல்லுங்கள்? அந்த சிஸ்டரே சொல்கிறார், எல்லோர் தோலிலும் ஒரே கிருமிதான் என்று. படித்தவர் சொல்லியும் இந்தக் காலத்தில் புத்தி வரவில்லை என்றால்...

கதவு திறக்கிறது. சிஸ்டர்தான். பழனாத்தாள் என்றா கூப்பிட்டார்? ஆமாங்க, நான்தானுங்க. முடிஞ்சுதுங்களா? பேசறாங்களா? என்னையா? என்னையா கேக்கறாங்க? 'அந்தப் புள்ள எங்க'ன்னா?

வர்றேனுங்க. புள்ளையத் தூக்கிட்டு வரக்கூடாதுங்களா. சரிங்க. இதோ, கையக் கழுவிட்டு வர்றேனுங்க.

அவர் இன்னும் வரவில்லையே. கொஞ்ச நேரம் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறீர்களா அக்கா? உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அழமாட்டாள்.

இருங்கள், இருங்கள், கையில் வேண்டாம். துண்டை விரித்துப் பெஞ்சில் போட்டுவிடுகிறேன். நான் நகர்ந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்.